ஒப்புக்கொண்டால் கேஸ் முடியாது, தம்பி

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை.

உன் கூட்டாளி விஷயம் போனில் பேசி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். அமெரிக்காவில், அதுவும் டெக்சாஸில், போலீஸ் அவனைப் பிடித்தபோது காரில் ஒரு வேப் பேனா (புகை இழுக்கிற மின்கருவி), அதில் கஞ்சா எண்ணெய், ஒரு கிராம்கூட இருக்காது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லாமல் முடித்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறாராம், ஒப்புக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். வேண்டாம். குடியேற்றச் சட்டம் தெரிந்த இன்னொரு வக்கீலைப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடு.

வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் நான். நம்மூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சில்லறை கேஸுக்கு வாய்தா வாய்தாவாக அலைய முடியாமல், "ஒப்புக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போப்பா" என்று சொல்வது சகஜம். காலையில் கட்டியவன் மத்தியானம் கடையைத் திறந்துவிடுவான். அந்தப் பழக்கத்தோடு அங்கே போய் நின்றால் வாழ்க்கையே போய்விடும்.

டெக்சாஸ் சட்டத்தைத் தேடிப் படித்தேன். கஞ்சா இலையாக இரண்டு அவுன்ஸுக்குள் இருந்தால் சிறு குற்றம்: அதிகபட்சம் 180 நாள் சிறை, 2,000 டாலர் அபராதம். அதையே எண்ணெயாக்கிப் பேனாவில் அடைத்துவிட்டால் ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். 180 நாள் முதல் 2 வருடம் வரை, அபராதம் 10,000 டாலர் வரை. கஞ்சா எண்ணெய் கலந்த ஜெல்லி மிட்டாய் இன்னும் மோசம். கலந்திருக்கிற சர்க்கரையையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். 4 கிராமைத் தொட்டாலே 2 முதல் 20 வருடம் வரையிலான பிரிவுக்குப் போய்விடும். படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வக்கீல் சொல்வது 'டெஃபர்டு அட்ஜூடிகேஷன்' ஆகத்தான் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிபதி தீர்ப்பு எழுதாமல் கண்காணிப்பில் விடுவார், ஒழுங்காக இருந்தால் கேஸ் தள்ளுபடி. டெக்சாஸ் கணக்கில் அவன் தண்டனை பெறாதவன். ஆனால் விசாவைப் பார்ப்பது மத்திய அரசு. ஒப்புக்கொண்டதும் கண்காணிப்பில் வைத்ததும் சேர்ந்துவிட்டால், அவர்கள் கணக்கில் அவன் தண்டனை பெற்றவன். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா, அதுவும் ஒரே தடவை என்றால் நாடுகடத்தலில் விலக்கு உண்டு. ஊருக்கு வந்துவிட்டு மறுபடி விசா கேட்கும்போது அந்த விலக்கும் கிடையாது.

ஹோசே படீயா என்று ஒருவர். ஹோண்டுராஸில் பிறந்து, வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 40 வருடத்துக்கு மேல் அங்கேயே சட்டப்படி வாழ்ந்தவர். கென்டக்கியில் லாரியில் கஞ்சாவோடு பிடிபட்டார். "இத்தனை வருஷம் இருந்துவிட்டீர்கள், குடியேற்றத் தொல்லை வராது" என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் தலைக்கு மேல் வந்து நின்றது. 2010இல் உச்ச நீதிமன்றம், அந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆகவே உன் கூட்டாளி தயங்காமல் அவன் வக்கீலிடம் நேராகக் கேட்கலாம்: "இதில் என் விசா என்ன ஆகும்?" பதிலை எழுத்தில் வாங்கட்டும்.

அப்புறம் உனக்கு. பரீட்சை சமயத்தில் யாராவது அடெரால் மாத்திரை (டாக்டர் சீட்டு இல்லாமல் வைத்திருக்கக்கூடாத ஊக்க மருந்து) கொடுத்தால் வாங்காதே. துனிசியாவிலிருந்து படிக்கப் போன மெல்லூலி என்பவர், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், கான்சாஸில் பிடிபட்டபோது சாக்ஸுக்குள் நாலு அடெரால் மாத்திரை இருந்தது. 2012இல் நாடுகடத்திவிட்டார்கள். அது தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2015இல். நடுவில் போன மூன்று வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

ஸ்பிரிங் பிரேக்கில் நியூ மெக்சிகோ போவதாகச் சொன்னாய். சரி, போய் வா. அங்கே கடையிலேயே கஞ்சா விற்கிறார்கள், அந்த மாநிலத்தில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் மத்திய அரசு சட்டம் அதை ஏற்பதில்லை, நீ இருப்பதோ அவர்கள் கொடுத்த விசாவில். திரும்பி வரும் வழியில் டெக்சாஸுக்குள் சியரா பிளாங்கா என்ற ஊரில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது, மோப்ப நாயும் இருக்கும். காரில் ஏறுமுன் யார் பையில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேள். கூச்சப்படாதே.

எங்கேயாவது போலீஸ் நிறுத்தினால் பெயரைச் சொல், லைசென்ஸைக் காட்டு. காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால் சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல். மீறிச் சோதித்தால் தடுக்காதே. மற்றதற்கு வக்கீல் வரட்டும் என்று வாயை மூடிக்கொள். அது உன் உரிமை.

அந்தப் பையனுடைய அப்பா நம்பரை அனுப்பு. அவர் தவித்துக்கொண்டிருப்பார், நான் பேசுகிறேன். இரண்டாவது வக்கீலுக்குப் பணம் புரட்டத்தான் வேண்டும், நம்மால் ஆனதைக் கொடுக்கலாம் என்று அம்மாவும் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா