அப்பாவின் இதயமும் கால்சியமும்

அன்புள்ள மகளுக்கு,

இதயம் பலவீனமாகியிருந்த அப்பா தேறி வருகிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. இரவில் ஒரே தலையணையில் படுத்துத் தூங்குகிறார்.

இதயத் தசைக்குள் கால்சியம் கசிவதால் துடிப்பு தாறுமாறாகிறது என்று படித்துவிட்டு, பாலையும் எலும்புக்கான கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது, சேர்க்கவும் கூடாது.

கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது. சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் லண்டனில் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பார்த்தவர். காய்ச்சி வடித்த நீரில் கரைசல் செய்தபோது துடிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. முதலில் நன்றாகத் துடித்ததற்குக் காரணம், அந்தக் கரைசல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்ததுதான். அதிலிருந்த கால்சியம்தான் இதயத்தை இயக்கியது என்று 1883இல் எழுதினார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கால்சியம் வெளியிலிருந்து செல்லுக்குள் நுழைகிறது. அது உள்ளே இருக்கும் சேமிப்பறையைத் திறந்துவிட, அங்கிருந்து மேலும் கால்சியம் பாய்ந்து தசை சுருங்குகிறது. உடனே செர்கா என்ற பம்பு அதைத் திரும்ப உள்ளே இழுத்தால்தான் தசை தளர்ந்து, இதயம் ரத்தத்தால் நிரம்பும். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்தப் பம்பு சோர்ந்துவிடுகிறது. சேமிப்பறையின் வாயிலும் சரியாக மூடாத மதகைப் போலக் கசிகிறது. இருப்பு குறைவதால் சுருங்கும் வலு குறைகிறது. கசிந்த கால்சியம் வெளியேற்றப்படும்போது, ஒரு கால்சியம் வெளியே போக மூன்று சோடியம் உள்ளே வருவதால், செல்லுக்குள் மின்னேற்றம் கூடுகிறது. அதுவே நேரம் தப்பிய ஒரு துடிப்பைக் கிளப்பிவிடலாம். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தால் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவதும், அடுத்தது சற்றுத் தாமதிப்பதும் தெரிகிறது. இதற்குக் கசிவு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. தசையிலுள்ள தழும்பும் காரணமாகலாம்.

இவையெல்லாம் செல்லுக்குள் நடப்பவை. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பாராதைராய்டு சுரப்பிகளும் சிறுநீரகமும் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன. ஒரு டம்ளர் பால் குடிப்பதால் இந்தக் கசிவு கூடிவிடாது.

பலவீனமான இதயத்துக்குத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எதற்கு என்றும் கேட்டாய். அட்ரினலின் ஓயாமல் விரட்டும்போது இதயச் செல்லுக்குள் கால்சியம் கூடுதலாகப் புகுகிறது, கசிவும் கூடுகிறது. அந்த விரட்டலைத்தான் இந்த மாத்திரை தணிக்கிறது. கால்சியத்தைப் பெருக்கி இதயத்தை வலுவாகச் சுருங்கவைத்த மில்ரினோன் மாத்திரையால் மரணங்கள் கூடின என்பது 1991இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அதனால் இதயத்தை விரட்டும் சிகிச்சையைவிட, இந்தப் பொறுமையான சிகிச்சையையே நான் நம்புகிறேன். கால்சியம் பிளாக்கர் என்ற பெயரைப் பார்த்து அதைக் கேட்டுவிடாதே. அந்த வகையிலுள்ள வெராபமில், டில்டியாசெம் போன்ற மருந்துகள் சுருங்கும் வலுவை இன்னும் குறைக்கும் என்பதால் அப்பாவைப் போன்றவர்களுக்குத் தவிர்க்கிறார்கள்.

செர்காவைப் பெருக்கும் மரபணு சிகிச்சையைப் பற்றியும் எழுதியிருந்தாய். 250 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது, பலன் தெரியவில்லை. அதற்காக அலையாதே, அம்மா.

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் மூன்றையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்வேன். எலும்பு மாத்திரை தொடர வேண்டுமா என்றும் கேட்பேன். தினமும் காலையில் அப்பாவின் எடையைக் குறித்துவருகிறேன். உன் கேள்விகளை எழுதி அனுப்பு, கையோடு எடுத்துப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா