அந்த லில்லிப் பூவை வெளியே போடு

அன்புள்ள கண்ணு,

போன் செய்தால் மீட்டிங் என்கிறாய், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தில் உன் பூனை செல்லி மேசைமேல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்திலேயே கண்ணாடி ஜாடியில் லில்லிப் பூ. மீதியை அப்புறம் படித்துக்கொள், முதலில் அதை வீட்டை விட்டு வெளியே போடு.

மாட்டு டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இதழ், இலை, தண்டு, மகரந்தம் எல்லாமே பூனைக்கு விஷமாம். அந்தத் தூள் முடியில் ஒட்டினால் போதும், பூனை உடம்பை நக்கும்போது உள்ளே போய்விடும். ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்துதான். நாய் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போகும், பூனைக்குச் சிறுநீரகமே போய்விடும். முதலில் வாந்தி, எச்சில் ஒழுகல். பிறகு தேறிவிட்ட மாதிரி தெரியும், அதை நம்பாதே. 18 மணி நேரத்துக்குள் சலைன் ஏற்ற ஆரம்பித்தால் பெரும்பாலும் பிழைக்கும், தாமதித்தால் கஷ்டம். வாடட்டும் என்று விட்டுவைக்காதே, இன்றைக்கே எடுத்துவிடு. மேசையையும் ஈரத்துணியால் துடை.

பால்கனியில் நீ வைத்திருக்கும் பீஸ் லில்லி வேறு. அதைக் கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் உயரத்தில் வை. பூ இல்லாமல் இருக்க முடியாது என்றால் ரோஜா வாங்கு, மல்லிகை வாங்கு. அவற்றால் பயமில்லை.

பனமரத்துப்பட்டியில் அரளிக் காட்டில் வளர்ந்தவள் நான். பூப் பறித்த கையைக் கழுவாமல் சோற்றைத் தொட அம்மாயி விடமாட்டாள், ஆட்டை அந்த வரப்புப் பக்கமே ஓட்டமாட்டாள். அரளி இதயத்தைப் பிடிக்கும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். லில்லியை விற்கிறவர்கள் வீட்டில் பூனை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சாக்கடை ஓரத்தில் கிடந்த குட்டியை எடுத்து வந்து, ராத்திரியெல்லாம் விழித்துப் பால் கொடுத்து வளர்த்தவள் நீ. எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். பூனைக்காக விழித்திருக்கத் தெரிந்தவளுக்கு அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேச முடியவில்லையா? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் வரவில்லை. தட்டுவடை செட் கடைக்காரர்கூட உன்னைக் கேட்டார், வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

மாப்பிள்ளை சௌக்கியமா? படத்தில் அவர் வண்டிச் சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது. வேலையாக வெளியூர் போயிருப்பார் என்று அப்பா சொல்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. லில்லியை எடுத்துவிட்டாயா?

இரண்டு நாள் லீவு கிடைத்தாலும் புறப்பட்டு வா. நீ மட்டும் வந்தாலும் சரி. செல்லியைப் பக்கத்து வீட்டில் விடாதே, கூடையில் வைத்துக் கூட்டி வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. கொல்லைப்புற அரளியை வெட்டிவிடச் சொல்லிவிட்டேன். பூஜைக்குப் பறிக்கும் செடி என்று அப்பா முதலில் முணுமுணுத்தார், பிறகு அவரே போய் ஆளைக் கூப்பிட்டு வந்தார். வியாழக்கிழமை வெட்டுகிறார்கள்.

அம்மா