ஞாயிறு கூட்டம்: இடுப்புச் சுற்றளவுப் பயிற்சி

மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம்.

உடற்பருமன் மருத்துவர்களாகிய நமது வடசென்னைக் குழுவின் மாதக் கூட்டம் வரும் ஞாயிறு காலை 10 மணிக்குத் தண்டையார்பேட்டையில் வழக்கமான இடத்திலேயே நடைபெறும்.

இம்முறை பெரும்பகுதி நேரத்தை இடுப்புச் சுற்றளவுக்கே ஒதுக்கியிருக்கிறோம். 2025 ஜனவரியில் வெளியான லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் ஆணைக்குழு அறிக்கை, உடல் நிறை குறியீட்டை (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) மட்டும் வைத்து உடற்பருமனைத் தீர்மானிக்கக் கூடாது என்றும், உறுப்புகளின் செயல்பாடு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தே அதை நோயாக வகைப்படுத்த வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அதனால் இடுப்புச் சுற்றளவையும் சரியாக அளக்க வேண்டும்; நம் மக்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது அதன் எல்லை. ஆனால் புறநோயாளிகள் பிரிவின் நெரிசலில் புடவைக் கொசுவத்தின் மேலேயே டேப்பைச் சுற்றி அளவு குறிக்கப்படுகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, நோயாளி இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும்போது அளப்பதே சரி. அன்றாடம் அளவெடுப்பவர்கள் செவிலியர்களே என்பதால் அவர்களையும் அவசியம் அழைத்து வாருங்கள்.

எடை குறைக்கும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசி போட்டுக்கொள்வோர் பசி குறைந்து புரதத்தையும் குறைத்துக்கொள்வதால் தசை கரைகிறது. இதை ஈடுசெய்ய, காசிமேட்டு நெத்தி��ியும் மத்தியும் இடம்பெறும் எளிய புரத உணவுப் பட்டியல் ஒன்றைக் கூட்டத்தில் இறுதிசெய்வோம்.

மார்ச் 4, உலக உடற்பருமன் தின முகாம் குறித்தும் சுருக்கமாகப் பேசுவோம்.

விவாதத்திற்குரிய நோயாளர் விவரங்களைப் பெயர் நீக்கி வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பவும்.