அந்த எம்3 பற்றி, மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். இரண்டும் பழைய பிஎம்டபிள்யூ எம்3, அந்தக் கம்பெனியின் வேகக் கார். இரண்டுமே இ46 என்கிற தலைமுறை, 2004 மாடல். ஒன்று டீலரிடம் நிற்கிறது, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இன்னொன்றை ஓனரே விற்கிறார். படத்தில் வண்டிக்குப் பின்னால் துணி காய்கிறது. "டீலர்கிட்ட வாங்கினா நிம்மதிதானேப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

டீலரிடம் உனக்குக் கிடைப்பது, நாளைக்கு ஏதாவது ஆனால் போய்த் தட்ட ஒரு கதவு. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். வியாபாரமாக விற்பவரைப் பிடிக்கிற சட்டம், சொந்த வண்டியை விற்பவரை அந்த அளவுக்குப் பிடிக்காது. பல நாடுகளில் இதுதான் நிலை. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் நல்ல டீலர் பார்த்து வைத்திருப்பார். அவர் கேட்கிற கூடுதல் விலை அதற்கெல்லாம் சேர்த்துத்தான். ஆனால் வாரண்டித் தாளை வாங்கி, கடைசி வரி வரை படி. கிளட்ச், பிரேக், டயர் எல்லாம் தேய்மானக் கணக்கில் வெளியே போயிருக்கும். இஞ்சினில் கை வைத்த வண்டி, ரேஸ் டிராக்கில் ஓடிய வண்டி என்றால் கையை விரிக்க ஒரு வரி இருக்கும். இந்த மாதிரி வண்டியில் செலவு வைப்பதே அதெல்லாம்தான்.

நீ காலேஜில் படித்தாயே, பொருளாதார நிபுணர் அகர்லாஃப்! விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று சொல்ல 1970-ல் அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். டீலர் விஷயத்தில் என் கவலை வேறு. விற்கிறவருக்கே வண்டியைப் பற்றித் தெரிந்திருக்காது. ஏலத்தில் எடுத்திருப்பார், அல்லது யாரோ கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுத்துப் போயிருப்பார். முந்தைய ஓனர் அதை எப்படி விரட்டினார் என்று கேட்டால், "நல்ல பார்ட்டி சார்" என்பதைத் தாண்டி அவரிடம் பதில் இருக்காது.

நான் சூடு பட்டவன். நீ பிறப்பதற்கு முன் ஒரு டர்போ வண்டியை டீலரிடம்தான் வாங்கினேன். போனட்டைத் திறந்தால் இஞ்சின் நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்தது போல இருந்தது. மூன்றாவது வாரம் தரையில் ஆயில் சொட்டியபோதுதான், எதற்காகக் கழுவியிருக்கிறார்கள் என்று புரிந்தது. அதைக்கூட டீலர் சரிசெய்து கொடுத்துவிட்டார். ஒரு வருடம் கழித்து கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியைக் காட்டினார். பக்கத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் கூடுதலாக இருந்தன. யாரோ பூஸ்ட்டை, அதாவது டர்போ இஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றழுத்தத்தை, ஏற்றி ஓட்டிவிட்டு, விற்கும்போது எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டியிருக்கிறார்கள். அதற்குள் வாரண்டி முடிந்திருந்தது.

அதனால் என் மனசு அந்தத் துணி காய்கிற வீட்டுப் பக்கம்தான் சாய்கிறது. எம்3 மாதிரி வண்டியை வாங்கும்போது, அதை ஓட்டிய ஆளின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறாய். 3.2 லிட்டர் இஞ்சின், 8000 ஆர்பிஎம் வரை ஏறும். ஆயில் சூடாகாமல் விரட்டினால் பேரிங்குக்கு ஆகாது. அதற்காகவே ஆர்பிஎம் மீட்டரில் ஆரஞ்சு விளக்குகள் வைத்திருக்கிறார்கள், ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். போனதும் நீ ஸ்டியரிங்கில் உட்காராதே. அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார். விளக்கு அணைகிற வரை பொறுக்கிறாரா என்று பார். உன்னை அசத்துவதற்காக முதல் திருப்பத்திலேயே மிதித்தால், இத்தனை வருஷமும் அப்படித்தான் மிதித்திருப்பார்.

அப்புறம் ஃபைலைக் கேள். வால்வ் கிளியரன்ஸ் (வால்வ் இடைவெளி) பார்த்த பில், கனெக்டிங் ராட் பேரிங் மாற்றிய பில், இந்த இஞ்சினுக்கான 10டபிள்யூ-60 என்கிற ரக ஆயில் ஊற்றிய கணக்கு, பின் ஆக்சிலைத் தாங்குகிற சப்ஃபிரேம் என்ற சட்டம் மாட்டுகிற தரைத் தகட்டில் விரிசல் பார்த்தார்களா என்பது. இந்த மாடலுக்கு அந்த விரிசல் பேர்போன வியாதி. "அப்படியா, அதென்ன?" என்று அவர் திருப்பிக் கேட்டால் வந்துவிடு. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. நான்கு டயரும் ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே வாரம் என்றால் காசு பார்க்காமல் வண்டி வைத்திருந்தவர். வீல் ஆர்ச்சுக்குள் விரலை விட்டுப் பார். உருகி ஒட்டிய ரப்பர் துணுக்குகள் தட்டுப்பட்டால் டிராக் பற்றி நேராகக் கேள். டிராக்கில் ஓடியது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு.

ஓனர் வேஷத்தில் வியாபாரிகளும் உண்டு. போனில் "வண்டி விஷயமா பேசுறேன்" என்று மட்டும் சொல். "எந்த வண்டி?" என்று கேட்டால் பல வண்டி விற்பவர், வைத்துவிடு. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பெயரும் அவர் அடையாள அட்டையும் ஒன்றா, 17 எழுத்து சேஸி நம்பர் கண்ணாடிக்குக் கீழேயும் பாடியிலும் காகிதத்திலும் ஒன்றேதானா என்று பார்த்துவிட்டுத்தான் பணப் பேச்சு. வண்டிக் கடன் இருந்தால் அடைத்த ரசீது கைக்கு வரும் வரை அட்வான்ஸ்கூட வேண்டாம்.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது நீ சம்பாதித்த காசு. இரண்டில் எதுவானாலும், இந்த மாடலில் கை வைத்துப் பழகிய வெளி மெக்கானிக்கை உன் செலவில் கூட்டிப் போ. லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்கட்டும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) எடுக்கட்டும், கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கட்டும். டீலர் அதற்குச் சம்மதித்து, வாரண்டியில் இஞ்சின் உள் சாமான்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் அவரிடமே வாங்கு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஓனரிடம் வாங்கினால் விலையில் மிச்சமாகிற தொகையைத் தனியாக எடுத்து வை. முதல் வருடத்துக்குள் வண்டி அதைக் கேட்கும்.

சனிக்கிழமை போவதானால் முதல் நாளே, "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம், நான் வந்ததும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிடு. போனதும் போனட்டில் கையை வை, சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது எனக்கு வீடியோ கால் போடு, போனைச் சைலன்சர் பக்கம் நீட்டு. நீலப் புகை வருகிறதா என்று நானும் பார்க்கிறேன். அடியில் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும், அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகாதே.

அன்புடன்,
அப்பா