மணிமேடையடியில் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

நாகர்கோவிலில் மணிமேடை என்கிற கடிகாரக் கோபுரம் நிற்கும் சந்திப்பைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் வணக்கம். ‘அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் யார் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பது அடுத்தாற்போலப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி போக்குவரத்துக் காவலர் அண்ணனுக்கு. ஞாயிறு காலை 6.30க்கு வந்து 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், ஆலயங்களில் ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினால் சாலையைக் கடக்க முடியாது என்று முன்கூட்டியே சொன்னவர் அவர்தான். மேலே அண்ணாந்து பார்க்கிற பிள்ளை கீழே பார்க்காது. இந்தச் சந்திப்பின் ஆபத்து முழுக்க அதில்தான் இருக்கிறது. நடக்கும்போது பேச்சு இல்லை, பேச்சு எல்லாம் நின்ற இடத்தில்தான் என்று அவர் போட்ட விதியை இனி எல்லாரும் வைத்துக்கொள்ளலாம்.

கயிறு கொடுத்த கடைக்கார அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. தேங்காய்நார்க் கயிறு கையை அறுக்கும் என்று அவரே மறுத்துவிட்டுப் பருத்திக் கயிறு வெட்டித் தந்தார். ஆறு பிள்ளைகளுக்கு 20 அடி. இரண்டரை அடிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை, இரு முனையிலும் பெரியவர்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றவே கூடாது. பைக் கைப்பிடி எதிலாவது மாட்டி இழுத்தால் பிள்ளை உடனே கையை விட முடிய வேண்டும்.

கிழக்குப் பக்கத்துக் கடை வாசல்களைத் திறந்துவிட்டவர்களுக்கும் நன்றி. மேற்கே நின்று பார்த்தால் காலை வெயில் கண்ணைக் குத்தும்; கிழக்கே நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால், கடிகார முகம் பளிச்சென்று தெரியும். மணிமேடையின் அடியிலேயே போய் நிற்கத்தான் எல்லாருக்கும் ஆசை. அங்கிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். உயரத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும்.

உயரத்தை அளந்ததில்தான் அதிகம் பேர் உதவினீர்கள். நிழலை அளக்கலாம் என்றால் நிழல் நடுரோட்டில் விழுகிறது. அதனால் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து 45 டிகிரி முக்கோணம் செய்தோம். கொத்தனார் தம் தூக்குக்குண்டைத் தந்தார். முக்கோணத்தின் நிமிர்ந்த விளிம்பும் குண்டு நூலும் ஒன்றாக நின்றால்தான் அடிவிளிம்பு மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். சாய்ந்த விளிம்பு வழியே உச்சி தெரியும்வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். அங்கிருந்து மணிமேடையின் அடிவரை உள்ள தூரத்தோடு பிள்ளையின் கண் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம். தாள் ஐந்து டிகிரி சாய்ந்தாலே 20 மீட்டரில் மூன்று மீட்டருக்கு மேல் தப்பும். கண் உயரத்தைக் கூட்ட மறந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் குறையும். பெரும்பாலான விடைகள் குறைந்தது இதனால்தான். பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, டேப்பின் மறுமுனையைப் பிடித்துச் சாலையைக் கடந்ததும் அந்தக் காவலர் அண்ணன்தான். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, அடிக்கல்லில் டேப்பை வைத்து அழுத்தியதைப் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள்.

வரலாறு சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர் பாட்டாவுக்கு வணக்கம். 1893இல் திறந்த கோபுரம். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலம். கடிகாரம் லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார் டத்தி ஐயர் கொடுத்தது. “நம்ம ஊருக்கு ஏன் திருவனந்தபுரத்து ராஜா?” என்று கேட்ட பிள்ளைக்கு, 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த மண் என்று பொறுமையாக விளக்கினார். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய் என்று அவர் போட்ட கணக்கில் பெரியவர்களும் திணறினார்கள். கலைவாணர் சிலை முன்னால் மட்டும் அவர் சொன்னதைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

வாட்ச் கடை அண்ணாச்சியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும். எடை கீழே இறங்குவதால்தான் இந்த மாதிரிக் கடிகாரம் ஓடுகிறது. எடை சரசரவென்று இறங்கிவிடாமல், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர விடுவது ஊசல். இதைச் சும்மா சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது என்று ஷட்டர் கொக்கியில் நூலில் ஒரு போல்ட் நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். மீன்வலை ஈயக்குண்டு வேண்டாம், பிள்ளைகள் கையால் தொட்டு வாயில் வைக்கும் என்று நட்டை எடுத்தவரும் அவரே. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதை ஒரு வீச்சு என்று எண்ணினால், ஒரு மீட்டர் நூலில் நிமிடத்துக்கு 60 வீச்சு. அரை மீட்டரில் 120 வரும் என்று எல்லாரும் அடித்துச் சொல்ல, வந்ததோ சுமார் 85. கால் மீட்டர் ஆக்கிய பிறகுதான் 120. நட்டை இரண்டாக்கினால் எண்ணிக்கை மாறவில்லை. நீளத்தை முடிச்சிலிருந்து நட்டின் நடுவரை அளக்க வேண்டும், மேல் விளிம்புவரை அல்ல. ஃபேனை நிறுத்திவிட்டு, கொஞ்சமாகத்தான் ஆட்டிவிட வேண்டும். வெயில்காலத்தில் இரும்புத் தண்டு நீண்டு கடிகாரம் பின்தங்கும் என்பதும் இதிலிருந்தே பிள்ளைகளுக்குப் பிடிபட்டது.

கழிப்பறையைத் திறந்துவிட்ட ஹோட்டல்காரருக்கு நன்றி. இது கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளை நிறுத்தவே முடியாது. வந்திறங்கியதும் ஒருமுறை, கிளம்புமுன் ஒருமுறை என்று எல்லாரையும் அனுப்பிவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பழக்கடை அக்கா ஆளுக்கு இரண்டு மட்டி வாழைப்பழம் கொடுத்துத் தோலுக்கு ஒரு சாக்கும் வைத்தார். ஆட்டோ அண்ணன்மார் வண்டியைத் தள்ளி நிறுத்தியதும் மறக்கவில்லை.

கயிறும் தூக்குக்குண்டும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. பச்சை மூடி தண்ணீர் பாட்டில் ஒன்றும் இடது கால் செருப்பு ஒன்றும் பழக்கடையில் இருக்கின்றன. பெற்றோர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள்