மான் கறி ரொட்டி

மாப்ளே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். மான் கறி சமைத்தேன். உடனே மான் வேட்டை குற்றம் என்று நம்மூர் 1972 வனவிலங்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வராதே, வக்கீலே. இங்கே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கியால் மான் வேட்டை உண்டு. உரிமம் இருந்தால் சுடலாம், தின்னலாம், தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம்; விற்கத்தான் கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் முன்னங்கால் சப்பை ஒன்றைக் கொடுத்தார்.

டெஸ்ட் முடிவு வராமல் சட்டியில் ஏற்றக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. நியாயம்தான். 2002 முதல் இங்குள்ள மான்களுக்கு மூளையை அரிக்கும் நோய் ஒன்று இருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோயுள்ள மானைத் தின்ன வேண்டாம் என்கிறார்கள். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் கிடந்தது.

ஆட்டுக்கறி என்று நினைத்துக் கொழுப்போடு போட்டால் தொலைந்தோம். மான் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அதையும், மேலே மினுங்கும் வெள்ளைச் சவ்வையும் கத்தி நுனியால் உரித்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் நார் வேறு சங்கதி, அது கரைந்தால்தான் கறிக்குப் பசை வரும். உப்பு மிளகு தடவி, இரும்புச் சட்டியில் சிவக்க வறுத்து, வெங்காயம், பூண்டு, வினிகரில் ஊறிய மிளகாயை அந்த வினிகரோடே கொட்டி, கொஞ்சம் எலும்புச் சாறும் ஊற்றி மூடினேன். 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்றரை மணி நேரம். கரண்டி பட்டாலே பிரிய வேண்டும்; அடம்பிடித்தால் இன்னும் அரை மணி. முதுகுக் கறியை இப்படிப் போட்டால் பாவம், அது சட்டென்று சுட்டுத் தின்ன.

அப்புறம் நீள ரொட்டியை வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டி, கறியை அடைத்து, மேலே பிராவலோன் சீஸ். சிகாகோவில் மாட்டிறைச்சி ரொட்டிக்குச் செய்வதுபோலச் சட்டிச் சாற்றில் ஒரு முக்கு. முழங்கை வரை வழிந்தது. கறிவேப்பிலை போட்டாயா என்று கேட்பாய். போடவில்லை, நம்பு.

பெரியவரும் வந்து தின்றார். கண் மங்கிவிட்டதாம், இந்த வருஷம் சுட்டது பேரன். "அடுத்த வருஷம் நீயும் வா" என்கிறார். 1973க்குப் பிறகு பிறந்தவன் என்பதால் நான் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். ஹாஸ்டலில் கோழி அறுத்த அன்றைக்கு நான் எங்கே ஒளிந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் தின்னும்போது இல்லாத கூச்சம் சுடும்போது மட்டும் வருவது சரியா என்று ராத்திரியெல்லாம் யோசனை. விளையாட்டில்லை, மாப்ளே. போகட்டுமா, வேண்டாமா? மூர்த்தியிடம் கேட்டுச் சொல்லாதே, நீயே சொல்.

உன்
சேகர்