எல்லாக் காசையும் இப்போதே அனுப்பிவிடாதே, மகன்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகன்,

மட்டக்களப்பில், மண்டூரில் எல்லோரும் சுகம். மாமா வீட்டு விறாந்தையில் ஏறி நின்ற வெள்ளத் தண்ணீர் வடிந்துவிட்டது. பெரியம்மாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், அவவும் வீட்டுக்கு வந்துவிட்டா. இருமல் மட்டும் இருக்கிறது.

நீயும் உன் சினேகிதர்களும் ரொறன்ரோவில் ஊர்ச் சனங்களின் வெள்ள நிவாரணத்துக்குச் சேர்க்கிற காசை இந்தக் கிழமையே அனுப்பி முடிக்க வேண்டும் என்று நிற்கிறாய். உன் அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இப்போது ஒரு பகுதியை மட்டும் அனுப்பு. மிச்சத்தைத் தைக்கும் பங்குனிக்கும் வைத்திரு. போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் வெட்டிக் கதைப்பாய், அதனால் எழுதுகிறேன்.

நீ கொழும்பில் வளர்ந்த பிள்ளை. உனக்குத் தெரிந்த வெள்ளம் வைகாசியில் வருவது. தென்மேற்கு மழைக்குக் களனி கங்கை பெருகும், நாகலகம் வீதி அளவுகோலில் ஆற்றுத் தண்ணீர் எத்தனை அடி என்று செய்தியில் சொல்வார்கள். 2016இல் கொலன்னாவைப் பக்கம் வீதிகளில் படகு ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சனங்கள் பட்டபாடும் கொஞ்சமில்லை. ஆனாலும் தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு, பலர் திரும்பப் போக ஒரு வேலை இருந்தது. வாவிக்கு மேற்கே நம் ஊர்ப் பக்கமான படுவான்கரையில் வெள்ளம் ஏறி நிற்பது அந்த வேலையின் மேலேயே, வயலில்.

கார்த்திகை, மார்கழியில் இங்கே வெயில் எறிக்கிற நாளிலும் அங்கே விடாமல் கொட்டும். ஊரில் பெய்கிற மழை மட்டும் என்றால் சமாளித்துவிடுவார்கள். அம்பாறை, மகா ஓயாப் பக்கத்து மழையும் ஆறுகளில் இறங்கி மட்டக்களப்பு வாவிக்குத்தான் வருகிறது. நவகிரிக் குளம் நிரம்பி வான்கதவைத் திறந்தால் வெல்லாவெளி வட்டைகள், வயல்வெளிகள் எல்லாம் ஒரே இரவில் வெள்ளக்காடு. வாவி 56 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போக இருப்பது இரண்டு வாய்கள்தான், மட்டக்களப்பு முகத்துவாரமும் கல்லாற்றுப் பக்கமும். கடல் அவற்றை மணலால் மூடிவிடும். எப்போது வெட்டித் திறப்பது என்று மாரியில் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இழுபறி நடக்கும். முந்தி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று மீனவர்கள் பயப்படுகிறார்கள், பிந்தினால் பயிர் போய்விடும் என்று விவசாயிகள். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே, அதற்கென்ன என்று கேட்டாய். நுனி வெளியே தெரிந்தால் அது தாக்குப்பிடிக்கும். முழுக்க மூடி, மேலே சேறு படிந்து, ஒரு கிழமைக்கு மேல் நின்றால் அழுகிவிடும். நம் காணியைக் குத்தகைக்குச் செய்கிற தம்பிக்கு இந்த முறை அதுதான் நடந்திருக்கிறது. ஐப்பசியில் விதைத்தவர். பெண்சாதியின் சங்கிலியை அடகு வைத்து உழவுக்கூலி கொடுத்தார். பசளையும் களைநாசினியும் கடையில் கடன், வெட்டியதும் நெல்லாகத் தருவதாகப் பேச்சு. இப்போது வெட்ட ஒன்றும் இல்லை, கடன் மட்டும் நிற்கிறது. மேட்டுப்பக்கம் பயிர் போன சிலர் திரும்ப விதைக்கப் பார்க்கிறார்கள். பிஜி 250 என்ற இரண்டரை மாத நெல்லை 80 நாளளவில் வெட்டலாம். ஏக்கருக்கு இரண்டு மூன்று புசல் விதை வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தேடும்போது அதைக் கண்டுபிடிப்பதே பாடு.

நட்டஈடு உண்டுதான். பதிவு, வந்து பார்த்தல், அளத்தல் என்று அது மெல்லத்தான் வந்து சேரும். அதிலும் காணிக்காரர் ஒருவர், செய்கிறவர் வேறொருவர் என்றால் சிக்கல் கூடும். அதைவிடக் காணியே இல்லாத கூலிச் சனங்களை நினைத்துப்பார். மாரிப் பயிரான பெரும்போகம் வெட்டுகிற மாதங்களின் உழைப்பில்தான் அவர்கள் வருஷத்தில் பாதியை ஓட்டுவார்கள். அழிந்த ஏக்கர்க் கணக்கில் அவர்களுடைய பெயர் எங்கேயும் வராது. எனக்கு இரவில் நித்திரை வராதது இதை நினைத்துத்தான்.

2011 தை மாத வெள்ளம் கிழக்கில் கதிர் முற்றி வெட்டுக்கு நின்ற நேரம் வந்தது. நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், மட்டக்களப்புக்குத்தான் பெரிய அடி. கொழும்பிலிருந்து அரிசி, பருப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் லொறிகளில் போயின. நம் ஒழுங்கையிலும் வீடு வீடாகச் சேர்த்தார்கள். மாசியில் திரும்பவும் வெள்ளம் வந்தது. அப்போது நம் கதவை யாரும் தட்டவில்லை. கெட்ட மனசால் இல்லை, கொடுத்தாயிற்று என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இந்த முறையும் மூன்றாம் கிழமையோடு அப்படித்தான் ஆகப்போகிறது. முகாமில் இப்போது சமைத்த சாப்பாடு கிடைக்கிறது, உடுப்பு குவிந்து கிடக்கிறது என்று மாமா சொன்னார்.

அதனால் இப்போது அனுப்புகிற காசு கிணறுகளுக்கும் விதைக்கும் போகட்டும். மலசலகூடக் குழிகள் பொங்கிக் கிணற்றோடு கலந்துவிட்டன. இறைத்துக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. அதற்கு டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதாரக்காரர் இலவசமாகவே கொடுப்பார்கள். எடுக்கச் சொல்லி மாமாவை நீயும் ஒருதரம் வற்புறுத்து, என் சொல்லைவிட உன் சொல்லைத்தான் கேட்பார். தையில் பள்ளிக்கூடச் சாமானும், கூலி வீடுகளுக்கு அரிசியும் வேண்டியிருக்கும். பங்குனியில் கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு விதைநெல்லுக்கும் உழவுக்கும். குளத்துத் தண்ணீர் பாய்கிற காணிகளுக்கு அதுதான் அடுத்த சந்தர்ப்பம். அந்த நேரத்தில் கையில் காசு இல்லையென்றால் இரண்டாவது சங்கிலியும் அடகுக்குப் போகும்.

இன்னொன்று. மச்சானிடம் படம் எடுத்து அனுப்பு என்று கேட்காதே. வெல்லாவெளி வீதிக்கு மேலே இன்னும் தண்ணீர் பாய்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு, மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் இப்படி வீதியைக் கடக்கும்போதுதான் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. அந்தத் தாய்மாரை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. காசு சேர்க்கப் படம் வேண்டும் என்றால் தண்ணீர் வடிந்த வயலை எடுக்கச் சொல்கிறேன். அழுகின பயிரைப் பார்த்தாலே உன் சினேகிதர்களுக்கு விளங்கும்.

நம் காணிக்கு இந்தப் போகத்துக் குத்தகை வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன். நாளைக்கு அது உன் பெயருக்கு வருகிற காணி, அதனால் உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். நட்டஈடு வந்தாலும் அது அவருக்கே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். பாதை சரியானதும் உதயதேவி ரயிலில் போய்வருவேன்.

நீங்கள் எல்லோரும் கதைத்து, எவ்வளவு எப்போது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு. அதற்குள் கிணறு இறைக்கிற கூலியையும் விதைநெல் விலையையும் மாமாவிடம் கேட்டு வைக்கிறேன். குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு போ, சாப்பாட்டை விடாதே.

அன்புடன்,
அம்மா